நூற்றுக்குப் பன்னிரண்டு

எங்கள் பேட்டையில் எந்தப் பொருளுக்கும் இரண்டு அளவு உண்டு. ஒன்று பச்சை அளவு, இன்னொன்று சுட்ட அளவு. அச்சிலிருந்து எடுக்கிற டம்ளர் ஓர் உயரம், சூளையிலிருந்து வெளியே வருகிற அதே டம்ளர் இன்னோர் உயரம். மண் காய்ந்து, சுட்டு, சுருங்கிவிடும். அதனால் சுட்ட பிறகு என்ன அளவு வேண்டுமோ, அதோடு நூற்றுக்குப் பன்னிரண்டு கூட்டித்தான் அச்சுக்கு வரைய வேண்டும். பக்கத்து யூனிட்டில் பத்து போதும் என்பார்கள். அது அவர்கள் மண். எங்கள் மண்ணுக்குப் பன்னிரண்டு.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு உடம்போடு ஒட்டிய ஒன்று. ஆள் கொஞ்சம் மெலிந்து வந்தால், "இன்னாண்ணே, சூளைக்குள்ள போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்பதுதான் இங்கே நலம் விசாரிப்பு. ஒருமுறை தையல்கடையில் ஜாக்கெட் அளவு சொல்லும்போதும் நான் பன்னிரண்டு கூட்டிச் சொன்னதாக என் கணவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அது பொய். ஆனால் கேட்கிறவர்கள் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

யூனிட்டில் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். டம்ளர், பூச்சாடி, பியூஸ் கட்டை, எதுவானாலும் அச்சு செய்கிறவருக்கு அளவோடு வரைந்து கொடுப்பது என் வேலை. வரைந்து முடித்து, பிரின்ட் கொடுப்பதற்கு முன் அளவுப் பெட்டியில் 112 என்று தட்டுவேன். ஒன்பது வருடமாகத் தட்டுகிறேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைக்கு வந்ததும், பூட்டினோமா இல்லையா என்று ஞாபகம் வராதே, அப்படித்தான் இதுவும். தட்டினேனா என்று எனக்கே தெரியாது. கை தட்டியிருக்கும்.

இந்தப் பன்னிரண்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் ஒரு பழைய பாணி கேம் விளையாடுவது என் வழக்கம். கட்டம் கட்டமான ஓர் ஆள் ஓடுவான், குதிப்பான், என் விரல் பிசகினால் பள்ளத்தில் விழுந்து சாவான். அவனுக்குப் பின்னால் ஒரு சாயங்கால வானம் இருக்கும். கீழே ஆரஞ்சு, மேலே ஊதா, நடுவில் பெயர் சொல்லத் தெரியாத நாலைந்து நிறங்கள். அந்த கேமைப் பற்றிய குறிப்பில், வானம் மொத்தமும் இரண்டே நிறத்தில் வரைந்தது என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். நான் எண்ணினேன். எனக்கு ஏழு வந்தது. எண்ணத் தெரியாதவள் என்று என்னை நினைத்துவிட்டார்களா என்று கோபம் வந்துவிட்டது.

அந்த ஆளைச் சாகவிட்டு, வானத்தை மட்டும் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்க ஆக்க ஏழு நிறமும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கடைசியில் ஆரஞ்சுக் கட்டமும் ஊதாக் கட்டமும்தான் மிச்சம். வானத்தின் நடுவில் இரண்டும் மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தன. கீழே வர வர ஊதா குறைந்தது, மேலே போகப் போக ஆரஞ்சு குறைந்தது. போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தேன். ஏழு நிறமும் திரும்பி வந்தன. இல்லாத ஐந்து நிறத்தை இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். படத்திலும் இல்லை, போனிலும் இல்லை. என் கண்ணே கலக்கி வைத்திருக்கிறது. அன்று சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை.

இதற்கு டிதரிங் என்று பெயர் என்பதைத் தேடிக் கண்டுபிடித்தேன். இப்படி வரைவதற்கென்றே ஒரு சின்ன சாப்ட்வேரும் கிடைத்தது. எங்கோ இருக்கிற யாரோ செய்து இலவசமாகப் போட்டிருந்த டூல். இரண்டு நிறம் தேர்ந்தெடுக்க வேண்டும். திரையில் ஓரிடத்தில் மவுஸை அழுத்தி, இன்னோரிடம் வரை இழுத்து விட வேண்டும். அவ்வளவுதான். முதல் நிறத்திலிருந்து இரண்டாவது நிறத்துக்கு, புள்ளிகள் தாமாகவே கூடிக் குறைந்து நிரம்பிவிடும். நடுவில் எங்கே வேகமாக வடிய வேண்டும், எங்கே மெதுவாக என்று நகர்த்த ஒரு பிடி இருந்தது. புள்ளிகள் எப்படி உட்கார வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியலும் இருந்தது. ரெண்டுக்கு ரெண்டு, நாலுக்கு நாலு, எட்டுக்கு எட்டு, கடைசியில் சும்மா சிதறல்.

நாலுக்கு நாலு என்றால் என்ன என்று புரிய எனக்கு மூன்று நாள் ஆனது. புரிந்தது பஸ் ஸ்டாண்டில்தான். வேப்பூர் போகிற டவுன் பஸ் காலியாக வந்து நின்றது. முதலில் ஏறியவர் முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இரண்டாவது ஆள் அவர் பக்கத்தில் உட்காரவில்லை, கடைசி சீட்டுக்குப் போனார். மூன்றாமவர் இருவருக்கும் நடுவில், ஆனால் எதிர்ப்பக்கம். இப்படியே, ஒருவர்மேல் ஒருவர் படாமல், எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி. பாதி பஸ் நிரம்பியபோது இரட்டை சீட்டுக்கு ஓர் ஆள். அதற்குப் பிறகுதான் பக்கத்துச் சீட்டுகள் நிரம்பத் தொடங்கின. டூலும் அதைத்தான் செய்கிறது. பதினாறு கட்டம் கொண்ட ஒரு பஸ், ஒவ்வொரு கட்டத்துக்கும் எப்போது நிரம்பலாம் என்று ஓர் எண். ஊதா கொஞ்சம் இருக்கிற இடத்தில் ஒரு கட்டம் நிரம்பும், பாதி இருக்கிற இடத்தில் எட்டு. நான் ஏற வேண்டிய பஸ் பின்னால் வந்து நின்று போயும் விட்டது. அதைப் பற்றி வருத்தப்பட நேரமில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்திருந்த நாட்களில் என் பார்வை அக்காவின் டம்ளர் மேல் விழுந்தது. அக்கா என்று நான் சொல்வது, பொருளுக்கு நிறம் அடிக்கிற எங்கள் ஸ்பிரே பூத்தில் வேலை பார்த்த பெண்ணை. கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஊர். காலையில் கணவரின் டூவீலரில் வந்து இறங்குவார். சுழல் மேடையில் டம்ளரை வைத்து, இடது கையால் சுற்றிக்கொண்டே வலது கையில் ஸ்பிரே கன்னைப் பிடித்து, விளிம்பில் அடர்ந்த நீலம், கீழே வர வர வெளிறி, பாதி டம்ளரில் வெள்ளையாகிவிடுகிற ஷேடு அடிப்பார். அந்த ஷேடு யூனிட்டில் வேறு யாருக்கும் வராது. நாங்கள் கிளேஸில், அதாவது மினுங்குகிற மேல்பூச்சில், ஊசி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு லென்ஸ் வைத்திருப்போம். ஒருநாள் அந்த லென்ஸை எடுத்துக்கொண்டு போய் அக்கா அடித்த டம்ளரைப் பார்த்தேன்.

"இன்னாம்மா பாக்குற, எறும்பு கிறும்பு ஊருதா?"

"புள்ளிக்கா. எல்லாம் புள்ளி புள்ளியா இருக்குது."

"கன்னுல இருந்து புள்ளிதான வரும்? நீ இன்னா, வாய்க்கால் ஓடுதுன்னு நெனச்சியா?"

டூலில் கடைசியாக இருந்த 'சிதறல்' அதுதான். அக்கா இருபது வருடமாக டிதரிங் செய்துகொண்டிருந்தார். போனைக் காட்டி அதைச் சொன்னபோது, "நல்லதும்மா, சம்பளம் ஏத்திக் குடுக்கச் சொல்லு" என்றார்.

அந்த வருட மழைக்காலத்துக்குப் பிறகு அக்காவுக்கு இருமல் நிற்கவில்லை. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் ஸ்பிரே பக்கமே போகக் கூடாது, மாஸ்க் போட்டாலும் கூடாது, எந்தத் தூசியும் ஆகாது என்று சொல்லிவிட்டார். செராமிக் யூனிட்டில் தூசி இல்லாத வேலைக்கு எங்கே போவது? மண் சலிக்கிற இடத்தில் தூசி, பச்சைப் பொருளைத் தேய்க்கிற இடத்தில் தூசி, பேக்கிங்கில் வைக்கோல் தூசி. என் அறையை ஒட்டி ஒரே ஒரு மேசைதான் சுத்தம். அது ஸ்டிக்கர் மேசை. ஸ்கிரீன் என்கிற துணித் திரை வழியாக மை தேய்த்து ஓட்டல் பெயர் அச்சடித்த தாளைத் தண்ணீரில் ஊற வைத்து, மேலே இருக்கிற மெல்லிய படலத்தை வழுக்கி எடுத்து, சுட்ட கப்பில் ஒட்டி, இன்னொருமுறை சுடுவோம். பெயர் கப்போடு கப்பாகிவிடும். ஆனால் அதற்கு மாதத்தில் இரண்டு நாள்தான் வேலை.

"ரெண்டு நாள் வேலைக்கு ஒரு ஆள எப்படிம்மா வச்சிக்கிறது?" என்றார் முதலாளி. கெட்ட மனிதர் இல்லை. கணக்காகப் பேசுகிறவர்.

"ஷேடையே ஸ்டிக்கரா பண்ணிட்டா தெனமும் வேலை இருக்கும் சார்."

"ஸ்டிக்கர்ல ஷேடு எப்படிம்மா வரும்? நம்மகிட்ட இருக்கறது ஒரு மை, ஒரு ஸ்கிரீன். நீலம்னா நீலம், வெள்ளைன்னா வெள்ளை. நடுவுல ஒண்ணும் கெடையாது."

நடுவில் ஒன்றும் கிடையாது என்று அவர் சொன்னதும் எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அதைத்தானே மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரும் சார், செய்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேப்பூர் ரோட்டு ஓட்டல் ஒன்றுக்கு நீல ஷேடு டம்ளர் ஒன்றைச் சாம்பிளாகக் காட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பத்து நாள் இருந்தது. ஸ்டிக்கரில் ஷேடு வந்தால் அந்த மேசை அக்காவுக்கு. வராவிட்டால் ஸ்பிரேவுக்குப் புது ஆள், அக்கா வீட்டுக்கு. அக்காவின் கணவர், தன் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகுமா போகாதா என்று தெரியாமல் பயிர் வைக்கவும் மனசு வராமல், சும்மா விடவும் மனசு வராமல் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குள் மாதாமாதம் வருகிற பணம் அக்காவின் சம்பளம் மட்டும்தான்.

டம்ளரைச் சுற்றி டேப் வைத்து அளந்தேன். கைப்பிடி இல்லாத நேரான டம்ளர், சரியாக இருபத்தைந்து சென்டிமீட்டர். ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் என்று வைத்தால் சுற்றிலும் ஐந்நூறு புள்ளி. டூலைத் திறந்து மேலிருந்து கீழே இழுத்தேன். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இப்படி படக்குனு நிக்கக் கூடாதும்மா. மேல சீக்கிரம் வடியணும், கீழ மெதுவா வடியணும். எந்த எடத்துல முடிஞ்சிதுன்னு கேட்டா யாராலயும் சொல்ல முடியக் கூடாது."

பிடியை மேலே தள்ளினேன். நீலம் விளிம்பில் சட்டென்று இறங்கி, பிறகு நெடுந்தூரம் ஒவ்வொரு புள்ளியாகக் கரைந்தது. அக்கா தலையாட்டினார். அதை எடுத்து என் வழக்கமான வரைபடத் தாளில் வைத்து, பிரின்ட் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிலிம் போட்டு வாங்கி, ஸ்கிரீன் செய்து, நானே அச்சடித்தேன். அக்கா ஒட்டினார். மாதிரி பார்க்கிற சின்ன சூளையில் வைத்தோம். மறுநாள் திறந்து பார்த்தால், ஷேடு வந்திருந்தது! ஒரே நீலம், ஒரே ஸ்கிரீன், ஆனால் விளிம்பிலிருந்து நடுவரை எத்தனையோ நீலங்கள். கத்திவிட்டேன்.

பிறகுதான் கோடுகள் கண்ணில் பட்டன. ஷேடுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம். டம்ளருக்குக் கைலி கட்டிவிட்ட மாதிரி இருந்தது.

டூலைத் திறந்து பார்த்தேன். அங்கே சுத்தம், ஒரு கோடும் இல்லை. அச்சடித்த தாளைப் பார்த்தேன். சுடாத மை பழுப்புத் தாளில் மங்கலாகத்தான் தெரியும். நின்ற வாக்கில், லென்ஸ் கூட இல்லாமல் பார்த்துவிட்டு, இதிலும் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டினேன். அப்படியென்றால் மிச்சம் ஒட்டுகிற கைதான்.

"அக்கா, ஒட்டறப்ப இழுக்காதீங்க. படலம் ரப்பர் மாதிரி. இழுத்தீங்கன்னா புள்ளியெல்லாம் எடம் மாறிடும்."

அக்கா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "சரிம்மா" என்றார்.

அடுத்த ஆறு நாளும் தினம் ஒரு டம்ளர். ரெண்டுக்கு ரெண்டில் போட்டேன், கட்டம் பெரிதாகத் தெரிந்தது. எட்டுக்கு எட்டில் போட்டேன், கட்டத்துக்குள் கட்டம் வந்தது. சிதறலில் போட்டேன், கோடு மங்கியது, ஆனால் போகவில்லை. ஏன் மங்கியது? எனக்கு இது பெரிய விருந்து. ஒரு நோட்டுப் போட்டு, எந்த முறைக்கு எந்தக் கோடு, எத்தனை புள்ளிக்கு ஒரு கோடு என்று எழுதிவைத்தேன். எட்டு அல்லது ஒன்பது புள்ளிக்கு ஒரு கோடு வந்துகொண்டிருந்தது. எதற்கு எட்டு? எதற்கு ஒன்பது? மையை இளக்கிப் பார்த்தேன், ஸ்கிரீன் துணியை மாற்றிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அந்த வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அக்காவுக்கு ஒவ்வொரு நாளாகக் குறைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்ததே தவிர உறைக்கவில்லை. அக்கா காலையில் வந்து உட்காருவார், தாளை ஊற வைப்பார், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவார், முன்போலப் பேச மாட்டார். இருமலால் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை முதலாளி என் அறைக்கு வந்தார். ஏழாவது டம்ளரைக் கையில் எடுத்தார்.

"இன்னும் கட்டம் இருக்குதேம்மா."

"ஷேடு வந்துடுச்சு சார். அக்காவுக்குத்தான் கை இன்னும் பழகல. ஒட்டறப்ப இழுத்துடறாங்க."

இதைச் சொன்னபோது கதவு திறந்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்டிக்கர் மேசை. தண்ணீர்த் தட்டில் அலசுகிற சத்தம் நின்றது.

"அப்படியா" என்றார் முதலாளி. "அப்ப அந்த டேபிளும் அவங்களுக்கு ஒத்து வராது போல. திங்கக்கெழம ஸ்பிரேக்கு ஆள வரச் சொல்லிடறேன். நானே பொறுமையா அவங்ககிட்ட சொல்லிக்கறேன்."

அவர் போன பிறகு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் நான் சொன்னது பொய் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. உண்மையைத்தான் சொன்னேன், அதற்காக இப்படியா என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் அக்கா சாப்பிடப் போனார். கையில் அச்சு மையோடு இருந்த நான், கை துடைக்கத் துணி தேடி ஸ்டிக்கர் மேசைக்குக் கீழே குனிந்தேன். மூலையில் நியூஸ் பேப்பரை நாலாக மடித்து, அதன்மேல் ஒரு உடைந்த ஓட்டுச் சில்லைப் பாரமாக வைத்திருந்தது. பிறர் மடித்து வைத்ததைப் பிரிப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிற கெட்ட பழக்கம். பிரித்தேன்.

உள்ளே நீலப் படலத் துண்டுகள். என் ஷேடுதான். பிளேடால் நேராக நறுக்கி, சுருங்காமல் தட்டையாகக் காய வைத்திருந்தது. எண்ணினேன், ஏழு. ஒரு டம்ளருக்கு ஒன்று. ஸ்டிக்கர் சுற்றி வந்து தொடங்கிய இடத்தையும் தாண்டிப் போயிருக்கிறது, மீதியை அக்கா வெட்டி ஒளித்து வைத்திருக்கிறார். இழுத்ததற்கு இதுவே அத்தாட்சி, நான் சொன்னது சரிதான் என்று ஒரு நொடி எனக்குள் ஒரு திருப்தி வந்தது. அதை மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

எவ்வளவு இழுத்திருக்கிறார் என்று பார்ப்போமே என்று ஸ்கேலை எடுத்தேன். முதல் துண்டு மூன்று சென்டிமீட்டர். இரண்டாவது மூன்று. மூன்றாவதும் மூன்று. ஏழையும் வரிசையாக வைத்தேன். ஏழும் மூன்று.

கை தவறினால் ஒருநாள் இரண்டு வரும், ஒருநாள் நான்கு வரும். ஏழு நாளும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவில் தவற எந்தக் கைக்கும் தெரியாது. அது மெஷின் செய்கிற தவறு. இருபத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தெட்டு. இருபத்தைந்துக்கு மூன்று என்றால் நூற்றுக்கு?

பெருக்கிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. துண்டுகளை மடியில் அள்ளிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

112. ஒவ்வொரு முறையும் பிரின்ட் கொடுக்கும்போது என் கை தட்டியிருக்கிறது. ஐந்நூறு புள்ளியை ஐந்நூற்று அறுபதாக நீட்டச் சொன்னால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? எட்டு ஒன்பது புள்ளிக்கு ஒருமுறை ஒரு வரிசையை இரட்டிப்பாக்கி இட்டு நிரப்பும். அந்த இரட்டை வரிசைதான் கோடு, அதுதான் கைலிக் கட்டம். நோட்டில் நான் எழுதி எழுதிப் பார்த்த எட்டும் ஒன்பதும் அதுதான். சிதறலில் ஒழுங்கே இல்லாததால் கோடு ஒளிந்துகொண்டது. எல்லாம் ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. சுட்டு முடித்த டம்ளர் இனி எங்கே சுருங்கப்போகிறது? அதன்மேல் ஒட்டுகிற ஸ்டிக்கருக்குப் பச்சை அளவு போட்டிருக்கிறேன். உலகத்தில் வேறு எந்த ஊரில் டிதரிங் செய்கிறவளும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

அக்கா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தவர், என் மடியில் துண்டுகளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தெரிஞ்சி போச்சா" என்றார். "மீறிப் போவுதும்மா. சுத்தி வந்து தலமேல தலை ஏறிக்கிது. நீ சொன்னதுல இருந்து இழுக்கக் கூடாது, இழுக்கக் கூடாதுன்னுதான் ஒட்டறேன். அப்பவும் மீறிப் போவுது."

"ஒரு நாளாவது எங்கிட்ட சொல்லக் கூடாதாக்கா?"

"சொன்னா இன்னா பண்ணுவ? கை ஒத்து வரலன்னுவ. இன்னிக்கி சொன்னல்ல? இந்த டேபிளும் இல்லன்னா நான் எங்கம்மா போவேன்?"

எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். புள்ளியும் வரிசையும் அறுபதும் என்று தொடங்கி என்னென்னமோ உளறினேன். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில், "நான் பன்னெண்டு கூட்டிட்டேன்க்கா" என்றேன்.

"பன்னெண்டா? எதுக்கு?"

"ஸ்டிக்கருக்கு."

அக்கா என்னையே பார்த்தார். "சுட்ட டம்ளருக்கா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்ததும் முகம் மாறியிருந்தது.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்குதா?"

"நல்லா இருக்குதுக்கா" என்றேன்.

அளவுப் பெட்டியில் 100 என்று தட்டினேன். தட்டியதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். சாயங்காலத்துக்குள் பிலிம், ஸ்கிரீன், அச்சு எல்லாம் முடிந்தது. மறுநாள் ஞாயிறு. அக்கா லீவு நாளில் பஸ் ஏறி வந்து எட்டாவது டம்ளரை ஒட்டினார். இந்தமுறை இழுக்கக் கூடாது என்ற பயம் அவர் கையில் இல்லை. ஸ்பிரே பூத்தில் இருந்தபோது இருந்த அதே கை. ஸ்டிக்கர் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் போய்ச் சேர்ந்தது. மீறவும் இல்லை, குறையவும் இல்லை. ஐந்நூறை நாலுநாலாகப் பிரித்தால் மிச்சமில்லாமல் போகும் என்பதால், கடைசிப் புள்ளிக்குப் பக்கத்தில் எந்தப் புள்ளி வர வேண்டுமோ அதுவே வந்து உட்கார்ந்தது.

திங்கட்கிழமை முதலாளி வந்ததும் டம்ளரை அவர் கையில் கொடுத்தோம். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"புள்ளி தெரியுதே."

"டீ குடிக்கறவன் லென்ஸ் வச்சிக்கினா சார் குடிப்பான்?" என்றார் அக்கா. ஒரு வாரத்துக்குப் பிறகு அக்காவின் பழைய வாய்.

முதலாளி கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இல்லாத நீலங்கள் எல்லாம் அவர் கண்ணிலும் வந்திருக்க வேண்டும். பிறகு டம்ளரைச் சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மூன்றாவது சுற்று.

"ஜாயின்ட் எங்கம்மா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

"சார், சனிக்கெழம நான் சொன்னது தப்பு. அக்கா இழுக்கவே இல்ல. நான்தான் ஸ்டிக்கருக்குப் பன்னெண்டு கூட்டிட்டேன். ஏழு டம்ளரும் என்னாலதான் கெட்டுது. இது அவங்க ஒட்டுனது."

வெளியே பச்சைப் பொருள் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பன்னெண்டா?" என்றார் முதலாளி. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டம்ளரை மேசைமேல் பார்த்து வைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"வரச் சொன்ன ஆள பிளெய்ன் கலருக்கு மட்டும் வச்சிக்கறேன். ஷேடு இனிமே நீங்கதான் ஒட்டணும்." பிறகு என்னிடம், "எத்தன தாள் வேணும்னு பாத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா மேசையில் உட்கார்ந்தார். தட்டில் புதுத் தண்ணீர் ஊற்றினேன். முதல் தாளை அதில் போட்டார். படலம் இளக இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடமும் கையை மேசைமேல் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு நாளா வூட்ல தோசை ஊத்தறப்பக்கூட இந்தக் கையத்தாம்மா பாத்துக்கினு இருந்தேன்" என்றார். "வட்டமாத்தான் வருது, அப்பறம் ஏன் அங்க மட்டும் மீறுதுன்னு."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தாள் இளகிவிட்டது. நான் டம்ளரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.